மீரான் பாயின் வண்டி நின்ற இடங்கள்

செய்தி எனக்கு ராயபுரம் ரயில் நிலையத்தில் வந்தது. மழை விட்டு, நடைமேடை முழுவதும் ஈரம் மின்னிக்கொண்டிருந்த காலை. திருவொற்றியூரிலிருந்து வந்த ரயிலை விட்டு இறங்கி, துறைமுகம் போகும் பாதையில் திரும்பினேன். கிரேன் ஓட்டும் ஏழுமலை நிலைய வாசலில் நின்றுகொண்டிருந்தார். வேலை நேரத்தில் அங்கே நிற்கிற ஆள் இல்லை அவர். என்னைக் கண்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"சார், மீரான் பாய் பூட்டாரு. நேத்து சாயங்காலம். டீ குடிச்சிகினு இருந்தாராம். கிளாசை கீழ வெச்சாராம். அவ்ளோதான்."

நான் உடனே, "வண்டி எங்க இருக்கு?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஏழுமலைக்கு அது விசித்திரமாகத் தோன்றவும் இல்லை.

"வூட்டாண்டதான் நிக்குது சார். அதைப் பாத்தாதான் எனக்குத் தாங்கல."

துறைமுகத்தில் அவரை அறியாதவர்கள் குறைவு. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிச் சரிபார்க்கும் டாலி கிளார்க் அவர். அவர் வேலை பார்த்த கப்பல் ஏஜெண்டு அலுவலகத்திலேயே நான் மேசை வேலை செய்பவன். அவர் என்னைவிடச் சில வயது மூத்தவர். என் பெயர் சாமிநாதன். அவருக்கு நான் எப்போதும் 'சாமி'. "ஒரு முஸ்லிமு நாள் பூரா சாமி சாமின்னுகினு கீறான் பாரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். யுத்தத்துக்கு முன்னால் ரங்கூன் துறைமுகத்தில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தவர். குண்டு விழுந்தபோது மனைவி ஜைனம்புவோடு மலைப் பாதையில் நடந்து இந்தியா வந்து சேர்ந்தார். எனக்கு அவரைப் பற்றி வெகுகாலம் இவ்வளவுதான் தெரியும். பர்மாவைப் பற்றிக் கேட்டால், "அங்க மீன் நல்லா இருக்கும்" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அவருடைய வாழ்க்கையில் அந்த வண்டி எப்படி வந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருடங்கள் ஆகியிருக்கும். கொழும்பிலிருந்து வந்த ஒரு சரக்குக் கப்பலில், வீடு போன்ற ஒரு மோட்டார் வண்டி வந்திறங்கியது. ஜன்னலுக்குத் திரைச்சீலை, உள்ளே கட்டில், பக்கவாட்டில் மடிக்கிற மேசை. கூடவே ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும். சரக்குச் சீட்டில் 'மோட்டார் வாகனம் ஒன்று' என்றிருந்தது. எண்ணிச் சரிபார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் மீரான் பாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று அவர் கேட்டதை நான் இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மாள் கணவரைப் பார்த்தாள், அவர் அம்மாளைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டு, "இன்னும் தெரியாது" என்றார்கள். பிடித்த இடத்தில் நிறுத்துவார்களாம். பிடிக்கும் வரை இருப்பார்களாம்.

அன்று மாலை துறைமுக வாசலைத் தாண்டி நாங்கள் நடந்துகொண்டிருந்தோம். கடல் ஈயம் மாதிரிக் கிடந்தது. அவர் சொன்னார்:

"வூடு இருந்தும் வெளில படுக்கிறாங்க, சாமி. யாரும் தொரத்தல. ஆசைப்பட்டு படுக்கிறாங்க."

அந்த வாக்கியத்தின் எடை எனக்கு அப்போது தெரியவில்லை.

பிறகு சில மாதங்கள் கழித்து, ராணுவம் கழித்துப்போட்ட வாகனங்கள் ஏலத்துக்கு வந்தன. மீரான் பாய் ஒரு பழைய ஆம்புலன்ஸ் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து தெருவில் நிறுத்தினார். ரங்கூனில் லாரி ஓட்டப் பழகியவர் என்பதால் ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார். காசிமேட்டில் படகு கட்டும் ஆசாரி ஒருவர் அதற்குள் இரண்டு கட்டில்களும், பாத்திரம் உருளாத தட்டும், தண்ணீர்ப் பீப்பாய்க்கு ஒரு இருக்கையும் செய்து கொடுத்தார். படகுக்குப் பூசும் எண்ணெயின் வாசனை கடைசிவரை அந்த வண்டியை விட்டுப் போகவில்லை. கண்ணை மூடி உள்ளே உட்கார்ந்தால் கடலில் இருப்பது போலவே இருக்கும். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள்:

"இன்னா பாய், வூட்டுக்குச் சக்கரம் கட்டிகினு எங்க கிளம்பிட்டீங்க?"

"எங்கன்னு தெரிஞ்சா பஸ்லயே போவலாமே, நைனா" என்பார்.

ஆனால் ஜைனம்பு அக்கா அந்த வண்டியில் ஏறவில்லை. பர்மாவிலிருந்து வந்த நாள் முதல் அவர் தன் வீட்டைத் தவிர வேறெங்கும் ஒரு இரவு தங்கியதில்லை. பழவேற்காட்டில் சொந்தத் தம்பியின் நிக்காஹ் நடந்தபோதுகூட விருந்து முடிவதற்குள் புறப்பட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு ராயபுரம் வந்து சேர்ந்துவிட்டார். அவருக்குக் குழந்தைகள் இல்லை. அதிகம் பேச மாட்டார். எதையும் வேண்டுமென்று கேட்க மாட்டார். நானும் என் மனைவி ருக்மணியும் போனால் தட்டு நிறைய வைப்பார், சாப்பிடும்வரை பக்கத்திலேயே நிற்பார். அவ்வளவுதான். வண்டி பச்சை வர்ணம் பூசி முடிந்த அன்று ருக்மணி அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். அக்கா கட்டிலைத் தொடவில்லை. கதவை மட்டும் சாத்திப் பார்த்தார், திறந்தார், மறுபடி சாத்தினார். "உள்ள தாப்பா இல்லியே" என்றார். மறுநாளே ஆசாரி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார்.

சிலோனுக்குப் போவது என்று முடிவானது அதற்குப் பிறகுதான். நான்கு பேரும் போவது, வண்டியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவது. பெண்கள் இருவரும் வண்டிக்குள் படுப்பார்கள். நானும் பாயும் பாய்மரத் துணியில் தைத்த கூடாரத்தில். இதைக் கேட்ட ஜைனம்பு அக்கா என்னிடம் நேராக வந்து, "தம்பி, ராவுல எங்க எங்க தங்குவோம்னு மொதல்லயே சொல்லிட்டீங்கன்னா நான் வர்றேன்" என்றார். அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. நான் திட்டம் போடுவதில் பிரியமுள்ளவன். கொழும்பிலுள்ள எங்கள் ஏஜெண்டு அலுவலகத்துக்கு எழுதி, எந்த ஊரில் எந்த ரெஸ்ட் ஹவுஸ் பக்கத்தில் வண்டியை நிறுத்தலாம், எங்கே கிணறு இருக்கிறது, எங்கே போலீஸ் காவல் இருக்கிறது என்றெல்லாம் விசாரித்து, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஊர் என்று தட்டச்சு செய்து வைத்தேன். கப்பல் திரும்பும் நாளுக்குச் சரியாகக் கொழும்பில் வந்து முடியும்படி இருந்தது அது.

மீரான் பாய் அதை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாம் கீது. மழைக்கு எடம் வுட்டிருக்கியா?" என்றார்.

"மழைக் காலம் இல்ல பாய்."

"பேச்சுக்குச் சொன்னேன், சாமி. நீ போட்ட திட்டம் ஊருக்குப் போய்ட்டு வந்துரும். நாம போய்ட்டு வருவமா?"

எங்களுக்குள் அதைப் பற்றி அன்றும் பிறகும் நிறைய வாக்குவாதம் நடந்தது. போகிற இடம் தெரிந்தால்தான் பார்க்கிறதைப் பயமில்லாமல் பார்க்கலாம் என்பது என் கட்சி. போகிற இடம் தெரிந்துவிட்டால் கண் அதையே தேடிக்கொண்டு போகும், வழியில் இருப்பது ஒன்றும் தெரியாது என்பது அவர் கட்சி. கடைசியில், "உன் காயிதம் இல்லாட்டி அவ வரமாட்டா. அதுனால உன் கட்சியே ஜெயிச்சிது, போ" என்று விட்டுக்கொடுத்தார்.

புறப்பட்ட அன்று வண்டியைக் கப்பலில் ஏற்றியவர் ஏழுமலை. நான்கு சக்கரங்களுக்கும் வலை கட்டி, கிரேன் அதை மெதுவாகத் தூக்கியது. பச்சை வண்டி, ஜன்னல் திரைகள் காற்றில் படபடக்க, துறைமுகத்துக்கு மேலே ஆகாயத்தில் தொங்கியது. கீழே மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். ஏழுமலை அதைச் சட்டென்று இறக்கவில்லை. ஏனோ சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். ஒரு பருந்து அதைச் சுற்றிக்கொண்டு போனது. மீரான் பாய் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு நாள் ஏழுமலையிடம் அதைக் கேட்டேன். "அவரு மூஞ்சிய பாத்துகினு இருந்தேன் சார். இறக்க மனசு வரல" என்றார்.

சிலோனில் முதல் சில நாட்கள் என் திட்டப்படியே நடந்தன. ஒன்றும் குறையில்லை. கண்டிக்குப் போகும் சாலையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே வெயில் பச்சையாகவே இறங்கியது. நுவரெலியாவில் மேகம் ஜன்னல் வழியாக வண்டிக்குள் வந்து, ருக்மணியின் தலைமுடியில் முத்து முத்தாகத் தங்கியது. தேயிலை மலைகளைப் பார்த்துக்கொண்டே அடுப்பு மூட்டி டீ போட்டோம். நான் நேரத்துக்கு எல்லோரையும் கிளப்பினேன். மாலையில் சொன்ன ஊரில் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். ஆனால் ஒவ்வொரு நாள் விடியலிலும் ருக்மணி கூடாரத்துக்கு வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அக்கா படுக்கவே இல்லைங்க. உக்காந்துகிட்டே இருந்தாங்க. செருப்பைக்கூடக் கழட்டல."

மலையிலிருந்து இறங்கி அனுராதபுரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின் சூடேறியது. தண்ணீர் ஊற்றுவதற்காக ஒரு பெரிய ஏரிக்கரை ஓரம் நிறுத்தினோம். அந்த நாட்டில் அதைக் குளம் என்கிறார்கள். எனக்குக் கடல் மாதிரி இருந்தது. கரை முழுவதும் மருத மரங்கள். சில மரங்கள் தண்ணீருக்குள்ளேயே முழங்கால் அளவில் நின்றன. தாமரை இலைகள் மேல் ஏதோ நீளக்கால் பறவை நடந்து போனது. காற்றே இல்லை. நாங்கள் பேசிய பேச்சு தண்ணீர் மேல் வெகுதூரம் போவது போல இருந்தது. ஜைனம்பு அக்கா இறங்கினார். செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, கணுக்கால் நனைய நின்றார். எஞ்சின் ஆறியது. நான் நேரமாகிறது என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னிக்கு இங்கயே நிக்கலாமா?" என்றார்.

நான் சொன்னேன்: "அக்கா, ராத்திரிக்கு அனுராதபுரத்துல இடம் சொல்லியாச்சு. இங்க என்ன ஏதுன்னு ஒண்ணும் தெரியாது. ஆளும் இல்ல. இருட்டுறதுக்குள்ள போயிடலாம்."

"இங்க நிக்கணும்" என்றார் அவர்.

மீரான் பாய் தண்ணீர் டப்பாவோடு எஞ்சின் பக்கம் நின்றிருந்தார். டப்பாவிலிருந்து தண்ணீர் அவர் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. பிறகு அதை வைத்துவிட்டுப் போய், வண்டிக்குள்ளிருந்து ஸ்டவ்வையும், பாத்திரங்களையும், கூடாரத் துணியையும் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். நான் பின்னாலேயே போய்க் கப்பல், தேதி, அலுவலகம் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சாயங்காலம் மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து நின்றார். பக்கத்து ஊர் முஸ்லிம். தமிழ் பேசினார். நாங்கள் வழி தவறி வந்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார் போலிருந்தது. இல்லை, நிற்கத்தான் நின்றோம் என்று பாய் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லம். இந்தத் தண்ணி நல்ல தண்ணி. அந்திக்கு யானை வரும். அது பாட்டுக்குக் குடிச்சிட்டுப் போகும். நெருப்பு மட்டும் வெச்சிக்கோங்க, வாப்பா."

யானைகள் வந்தன. அக்கரையில், மாலை வெளிச்சம் செம்பாகி அணைந்துகொண்டிருந்த நேரத்தில், சாம்பல் நிறத்தில் கரை அசைவது போல வந்தன. சத்தமே இல்லை. ஒரு குட்டி தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தது. ஜைனம்பு அக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்று வண்டியின் கதவு தாழ்ப்பாள் போடப்படவில்லை. விடியலில் ருக்மணி என்னை எழுப்பி, வாயில் விரலை வைத்து, வண்டியைக் காட்டினாள். அக்கா சுருண்டு படுத்து, குழந்தை மாதிரி வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். வெயில் ஏறி அவர் கால்மேல் விழுந்த பிறகும் எழவில்லை. நாங்கள் கிசுகிசுவென்று பேசிக்கொண்டு, பாத்திரச் சத்தம் இல்லாமல் டீ போட்டோம்.

அந்தக் காலையில்தான் மீரான் பாய் என்னைக் கரையோரம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார்.

"எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்திச்சு, சாமி. நூரு. பர்மாலேர்ந்து நடந்து வரும்போது தோள்ல தூக்கிகினு வந்தேன். ஜொரம் வந்துடுச்சு. வழில ஒரு ஓடை. இதே மாரி மரம், இதே மாரி தண்ணி. ஜைனம்பு சொன்னா, இங்க நிக்கலாம், புள்ளைய கொஞ்சம் படுக்கப் போடலாம்னா. கூட வந்தவங்க எல்லாம் இங்க காலரா கீது, நின்னா செத்தோம்னாங்க. நான் நிக்கல. அவ மூணு தபா கேட்டா. நான் நிக்கல. மலை ஏறி முடிக்கிறதுக்குள்ள புள்ள பூட்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டினார்.

"நின்னிருந்தாலும் பொழச்சிருக்காது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனா அதுக்கப்புறம் அவ என்கிட்ட எதையுமே கேட்டதில்ல. ஒரு பொடவ வேணும்னுகூட கேக்கல. நேத்துதான் கேட்டா. இந்த வண்டிய எதுக்கு வாங்கினேன்னு எல்லாரும் கேட்டாங்க. எனக்கே நேத்துதான் தெரிஞ்சிது" என்றார்.

நான் கையில் இருந்த திட்டத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கரையில் நாட்கள் எப்படிப் போயின என்று இப்போது பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரே நீண்ட மதியம் போலத்தான் நினைவிருக்கிறது. அந்தப் பெரியவரின் வீட்டிலிருந்து தயிரும், குரக்கன் என்று அங்கே சொல்லும் கேழ்வரகு மாவும் வந்தன. பெண்கள் மருத மரத்தின் வேரில் உட்கார்ந்து துணி துவைத்தார்கள். ஜைனம்பு அக்கா பேச ஆரம்பித்திருந்தார். ருக்மணியிடம் ரங்கூனைப் பற்றி, அங்கே தங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரிந்த தங்கக் கோபுரத்தைப் பற்றி, நூரு முதலில் பேசிய பர்மியச் சொல்லைப் பற்றி எல்லாம் சொன்னாராம். மீரான் பாய் தூரத்தில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார். தூங்குகிறார் என்று நினைத்து ஒருமுறை கூப்பிட்டேன். "சும்மா இரு சாமி, அவ பேசிகினு கீறா" என்றார்.

கப்பலின் நாள் வந்தது. நானும் ருக்மணியும் பஸ் பிடித்து ரயிலுக்குப் போனோம். "நீங்களும் வாங்க பாய், வேலை போயிடும்" என்றேன். "அவளுக்குப் போதும்னு தோணட்டும். அப்ப வர்றேன்" என்றார். பஸ் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேரும் கரையில் நின்றிருந்தார்கள். கை காட்டியது ஜைனம்பு அக்காதான்.

அவர்கள் திரும்பி வந்தபோது ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாயின் இடத்தில் அலுவலகம் வேறு ஆளைப் போட்டுவிட்டது. அவர் மேலாளரின் அறைக்குள் போய், "நீங்க செஞ்சது நியாயந்தான் சார்" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து என் மேசை ஓரம் நின்று, "யானை குட்டி போட்டுச்சு, சாமி. நீ இருந்து பாத்திருக்கணும்" என்றார். அதன் பிறகு ஒரு ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்கு மூட்டை எண்ணும் வேலைக்குப் போனார். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. ஜைனம்பு அக்கா காலையில் இடியாப்பம் அவித்துத் தெருவில் விற்றார். அந்த வருடங்கள் அவர்களுக்குச் சுலபமாக இருக்கவில்லை. வண்டியை விற்றுவிடச் சொல்லிப் பலர் சொன்னார்கள். மீன் ஏற்றலாம், கறிகாய் ஏற்றலாம் என்று கேட்டும் வந்தார்கள். அவர் விற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நால்வரும் புறப்படுவோம். வடக்கே, கடலை வலது கையில் வைத்துக்கொண்டு. எங்கே என்று யாரும் சொல்வதில்லை. ஜைனம்பு அக்கா முன்னால் உட்கார்ந்திருப்பார். அவர் "இங்க" என்றால் நிற்கும். சில நாள் எண்ணூர் முகத்துவாரம் வரை போவோம். ஆறும் கடலும் கலக்கிற இடத்தில் தண்ணீர் இரண்டு நிறமாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பொழுது போய்விடும். உப்பளத்துக் குவியல்கள் தூரத்தில் வெள்ளைக் கூடாரங்கள் மாதிரித் தெரியும், யாரோ நமக்கு முன்னாலேயே வந்து தங்கியிருப்பது போல. சில நாள் எர்ணாவூர் பனைகளைத் தாண்ட மாட்டோம். ஒருமுறை திருவொற்றியூரில் எங்கள் தெருமுனைக் கடற்கரையிலேயே "இங்க" என்றுவிட்டார். என் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். மீரான் பாய் மறுபேச்சில்லாமல் நிறுத்தி, ஸ்டவ்வை இறக்கினார். ருக்மணி வீட்டுக்கு நடந்து போய்க் குழம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தத் தெருவில் நான் அப்போதே பத்து வருடமாகக் குடியிருந்தேன். அங்கிருந்து மாலையில் கட்டுமரங்கள் கரையேறுவது அவ்வளவு அழகாகத் தெரியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு கிழவர், "வழி தெரியாம நின்னுட்டீங்களா?" என்று கேட்டார்.

"வழி தெரியாதவனோட போவலாம் பெரியவரே. நிக்கத் தெரியாதவனோட போவக் கூடாது" என்றார் பாய். அவர் அதைத் தத்துவமாகச் சொல்லவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சொன்னார்.

ஒரு ஞாயிறு எண்ணூர் மணலில் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நான் எந்தக் கியரை எப்போது போடுவது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "அது சொல்லும், கேளு" என்று எஞ்சினைக் காட்டினார். நான் வண்டியை மணலில் புதைத்தேன். கரைக்காரர்கள் ஐந்தாறு பேர் வந்து தள்ளினார்கள். வண்டி எழும்பியதும் அவர்களையும் உட்காரவைத்து எல்லோருக்கும் டீ கொடுத்தார். "பொதையலன்னா இவங்கள எப்படி பாத்திருப்போம்?" என்றார். திட்டத்தில் எனக்கு இருந்த பற்றைக் கடைசிவரை அவரால் போக்க முடியவில்லை. இன்றும் ரயில் நேரம் பார்க்காமல் நான் வீட்டை விட்டு இறங்குவதில்லை. அவரும் அதை மாற்ற முயன்றதில்லை. "ரெண்டும் வேணும். உன் காயிதம் இல்லாட்டி நாங்க அந்தக் கொளத்தாண்ட போயே இருக்க மாட்டோம்" என்று ஒருமுறை சொன்னார்.

அவரை அடக்கம் செய்த மதியம் மழை தூறிக்கொண்டிருந்தது. ஏழுமலையும் கிரேன்காரர்களும், மூட்டைக்காரர்களும், காசிமேட்டு ஆசாரியும் அவர் உடலைச் சுமந்த சந்தூக்கின் பின்னால் நடந்து வந்தார்கள். தெருவில் பச்சை வண்டி நின்றிருந்த இடத்தில் ஊர்வலம் சற்று விலகிப் போக வேண்டியிருந்தது. அந்த வண்டியை யாரும் தள்ளி நிறுத்தச் சொல்லவில்லை.

ஜைனம்பு அக்கா இப்போது, கணவனை இழந்தவர்கள் நாலு மாதம் பத்து நாள் தனித்திருக்கும் இத்தாவில் இருக்கிறார். வெளியே வருவதில்லை, பிற ஆண்கள் முன் நிற்பதும் இல்லை. ருக்மணிதான் உள்ளே போய்ப் பார்க்கிறாள். போன வாரம் அவளிடம் சொல்லியனுப்பினார்: "இத்தா முடிஞ்சதும் வண்டிய எடுக்கணும். தம்பி ஓட்டுவாரான்னு கேளு. எங்கன்னு மட்டும் கேக்க வேணாம்னு சொல்லு." ஓட்டுகிறேன் என்று சொல்லியனுப்பினேன். அதுவரை பேட்டரி படுத்துவிடக் கூடாது என்பதற்காக ஞாயிறு காலையில் போய் எஞ்சினை மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு வருகிறேன். வாசல் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும்: "சத்தம் சரியா கீதா, தம்பி?" சரியாக இருக்கிறது என்பேன்.

மீரான் பாயைப் போல எனக்குப் பேச வராது. தெரியாத ஊரில் தெரியாத கரையில் கூடாரம் அடிக்கிற துணிச்சலும் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். கூட வருகிறவர்கள் நிற்கச் சொன்னால் நிற்கிறேன், ஏன் என்று கேட்பதில்லை. சென்ற சனிக்கிழமை ருக்மணியும் நானும் ஒரு திருமணத்துக்காக யானைக்கவுனிப் பாலத்தின் மேல் நடந்துபோனோம். முகூர்த்தத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் அவள், "கொஞ்சம் நில்லுங்க" என்றாள். நின்றேன். கீழே ஒரு சரக்கு ரயில் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. புகை எங்கள் இருவரையும் மூடி, மெல்ல விலகியது. கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறையும்வரை அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நானும் பார்த்தேன். பிறகு, "போலாம்" என்றாள். நடந்தோம்.